கண்ணு நல்லா இருக்கு, ஆனா தெரியல!

அஞ்சாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு திடீர்னு போர்டுல எழுதுறது தெரியலங்குது. டாக்டர் பாத்துட்டு, கண்ணு, விழித்திரை, நரம்பு எல்லாம் நல்லா இருக்குங்கறார். எந்தக் கண்ணாடி போட்டாலும் மேல் வரியைத் தாண்டல. அடுத்து வீட்டுல என்ன நடக்கும்? "ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்குது"ன்னு முதுகுல ரெண்டு விழும்.

இந்த "நடிக்குது"ங்கிற வார்த்தைக்கு நூறு வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு மக்களே. அதைத்தான் கொஞ்சம் கிளறப் போறேன்.

பாரிஸ்ல சால்பெட்ரியேர் ஆஸ்பத்திரி. அங்க 1882ல நரம்பு நோய்களுக்கான பேராசிரியர் ஆனவர் ஷார்கோ. ஹிஸ்டீரியாங்கிற பேரே கர்ப்பப்பையைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லுல இருந்து வந்தது. பொம்பளைங்க வியாதின்னு ஒதுக்கி வச்சிருந்ததை, ஆம்பளைங்களுக்கும் சின்னப் பசங்களுக்கும் வரும்னு காட்டினவர் இவர். அவரோட நோயாளிகள் சிலருக்குப் பார்வை குழாய் வழியா பாக்குற மாதிரி சுருங்கியிருந்தது.

இந்தக் குழாய்ல ஒரு சூட்சுமம் இருக்கு. டார்ச்சை சுவத்துல அடிச்சுக்கிட்டே பின்னாடி போங்க, வட்டம் பெருசாகும். நோயால பார்வை சுருங்கினவங்களுக்கும் அப்படித்தான்: ஒரு மீட்டர்ல தெரியிற வட்டம் ரெண்டு மீட்டர்ல ரெண்டு மடங்கு அகலமாகணும். இவங்களுக்கோ எவ்வளவு தள்ளிப் போனாலும் வட்டம் அதே அளவுதான். ஒளி அப்படிப் போகாது!

இன்னும் சில சோதனைகளும் உண்டு. கோடு போட்ட உருளையைச் சுத்தினா, ரயில் ஜன்னல் வழியா கம்பத்தைப் பாக்குற மாதிரி கண்ணு தானா ஓடி ஓடித் திரும்பும். பவர் ஒண்ணை ஒண்ணு அடிச்சுடுற ரெண்டு லென்ஸை மாட்டி "இது ஸ்பெஷல் கண்ணாடி"ன்னு சொன்னா, குழந்தை கடைசி வரி வரைக்கும் படிச்சிடும்.

"மாட்டிக்கிட்டியா!"ன்னு கேக்கத் தோணுதுல்ல? வழுக்குற இடம் அதுதான். பார்வைப் பாதை வேலை செய்யுதுன்னுதான் சோதனை சொல்லுது. குழந்தை பொய் சொல்லுதுன்னு சொல்லல. ஷார்கோகிட்ட படிச்ச ஃப்ராய்டு 1910ல எழுதினதும் இதைத்தான்: இவங்க கண்ணு பாக்குது, பாக்கறோம்ங்கிற நினைவுக்குத்தான் அது வந்து சேரல. (அதுக்கு அவர் சொன்ன காரணங்களை இன்னிக்குப் பெரும்பாலான டாக்டர்கள் ஏத்துக்கறதில்ல. அது வேற பதிவு :-))

1981ல ஃபின்லாந்துக் கண் மருத்துவர் ஒருத்தர் இப்படி வர்ற பள்ளிச் சிறுமிகளைப் பத்தித் தனியாவே ஒரு கட்டுரை எழுதினார். பள்ளிக்கூடக் கெடுபிடி, கேலி, வீட்டுச் சண்டை, சில சமயம் வெளிய சொல்ல முடியாத கொடுமை... வாய் சொல்லாததைக் கண்ணு சொல்லுது. சில குழந்தைகள்கிட்ட எந்தக் காரணமும் கிடைக்காது. அதனாலதான் 2013ல வந்த அமெரிக்க மனநோய்க் கையேடு, மன அழுத்தத்தைக் கண்டுபிடிச்சே ஆகணும்ங்கிற நிபந்தனையை எடுத்துடுச்சு.

இதுக்கு மறுபக்கமும் உண்டு. எல்லாத்தையும் "மனசு"ன்னு தள்ளிட்டா? ஹிஸ்டீரியான்னு முத்திரை குத்தப்பட்டவங்களைப் பல வருஷம் கழிச்சுத் தேடிப் போன ஸ்லேட்டர், அவங்கள்ல பலருக்கு நிஜமான நோய் இருந்ததை 1965ல லண்டன்ல எழுதினார். ஜெர்மன் டாக்டர் ஸ்டார்கார்ட் 1909ல விவரிச்ச விழித்திரை நோய் இன்னிக்கும் ஏமாத்தும். ஆரம்பத்துல விழித்திரை சாதாரணமாத் தெரியலாம், ஆனா குழந்தைக்குப் பார்வை போயிட்டிருக்கும். அந்தக் குழந்தையைப் போய் "நடிக்குது"ன்னு அடிச்சா எப்படி இருக்கும்?

ஆக, முதல்ல முழுசா சோதிக்கணும். தேவைப்பட்டா விழித்திரை ஸ்கேன், மின்சோதனை எல்லாம் பாக்கணும். ஒண்ணும் இல்லன்னு உறுதியானா, "கண்ணு நல்லா இருக்கு, பார்வை திரும்பிடும்"ன்னு தைரியம் சொல்லணும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுலயே சரியாயிடுது. பள்ளிக்கூடத்துல, வீட்டுல என்ன நடக்குதுன்னு பதமா விசாரிக்கணும்.

என்னைக் கேட்டா, "நடிக்குது"ங்கிறது நோயோட பேரு இல்ல. குழந்தை சொல்றதைக் கேக்க நமக்குப் பொறுமை இல்லங்கிறதோட பேரு.