பரண்மீது விழித்திருந்தோர்

1803-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி, அங்கிருந்த ஆங்கிலப் படையை விரட்டினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31-இல் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைக் கற்சிலைமடுவில் தோற்கடித்தான். அத்தோல்வியை நினைவூட்ட அங்கே கல்லொன்றும் நாட்டப்பட்டது. வன்னியின் காவலைப் பற்றிப் பேசும்போது நம் நினைவுக்கு வருவன கோட்டையும் தளபதியும் அக்கல்லுமே. ஆண்டுதோறும் காலபோகத்தில் மழையிலும் பனியிலும் விழித்திருந்து வயலைக் காத்தவனுக்கோ கல்லும் இல்லை, ஏடும் இல்லை.

அவனுடைய தொழில் எளியதன்று. கதிர் பால்பிடிக்குங் காலம் தொட்டு அறுவடை வரை காட்டோரத்து வயல்களில் இரவு முழுவதும் காவல் வேண்டும். யானை வரும் தடம் வேறு. பன்றி நுழையும் வழி வேறு. மரக்கிளையிற் கட்டிய பரணில் இருந்துகொண்டு, கீழே தீ அணையாது பார்த்து, தகரம் தட்டிக் கூக்குரலிடுவான். ஒரு பரணின் குரலுக்கு அடுத்த பரண் மறுகுரல் கொடுக்கும். அது விலங்கை விரட்டுவதற்கு மட்டுமன்று. அயலவன் உறங்கிவிட்டானா, உயிரோடிருக்கின்றானா என்றறியும் வழியும் அதுவே. பொழுது விடிந்தால் கிளிக்கும் குருவிக்கும் எதிராகப் பெண்களும் பிள்ளைகளும் வயலில் இறங்குவர். அவர்களின் உழைப்பை எவரும் தொழிலென எண்ணியதே இல்லை.

அரசாங்க அதிகாரியான ஜே. பி. லூயிஸ் 1895-இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூல் பெறுமதி மிக்கதுதான். ஆயினும் அது ஆள்வோன் கண்கொண்டு எழுதிய நூல். கிராமத்தின் அமைதிக்குப் பொறுப்பாயிருந்த விதானைமாரின் பதவி 1963-இல் ஒழிந்து, கிராம சேவகர் வந்தனர். விதானைக்கேனும் கச்சேரிக் கடிதங்களில் இடமுண்டு; பரண்காரனுக்கு அதுவுமில்லை. அவன் உலகம் பாட்டிலேதான் தங்கிற்று. வயலை அழிக்கும் பன்றியையும் குருவியையும் பொருளாகக் கொண்ட பண்டிப்பள்ளும் குருவிப்பள்ளும் வன்னி மக்களின் வாயில் வாழ்ந்தவை. இலக்கணப் பிழை தேடும் பண்டிதர் அவற்றை ஒதுக்கலாம். சரித்திர மாணவன் ஒதுக்கலாகாது.

காவற்காரன் யார் என்ற கேள்வியும் உண்டு. 1977-ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து அகதிகளாய் வந்தோர் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காட்டு விளிம்புகளிலே குடியேறினர். யானைக்கும் வயலுக்கும் இடையே அவர்களுடைய குடிசைகளே வேலியாக நின்றன என்பேன். நிலம் ஒருவனுக்கு, விழிப்பு மற்றொருவனுக்கு என்ற ஏற்பாட்டை வர்க்க உறவு என்றல்லாமல் வேறெப்படி அழைப்பது?

2009-இல் யுத்தத்தின் இறுதியில் வன்னி மக்களிற் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்து முட்கம்பி முகாம்களில் அடைபட்டனர். வயலும் பரணும் கைவிடப்பட்டன; பேரனுக்குத் தடங்காட்ட வேண்டிய கிழவர் பலர் திரும்பவில்லை. இன்று அவ்வூர்களின் பிள்ளைகள் சீருடை அணிந்து வங்கி வாசலிலும் மருத்துவமனை வாசலிலும் இரவு முறை பார்க்கின்றனர். தனியார் பாதுகாப்பு நிறுவனங்களைப் பதிவு செய்ய 1998-இலேயே சட்டம் இயற்றப்பட்டது. நிறுவனத்தின் பெயர் பதிவேட்டில் இருக்கின்றது. வாசலில் நிற்பவனின் அனுபவத்துக்கு அங்கு இடமில்லை.

இளமையிற் பரணிலிருந்தோர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். ஆசிரியர்கள் விடுமுறையில் மாணவரை ஒரு குறிப்பேட்டுடன் அவர்களிடம் அனுப்பலாம். பரணுக்கு எம்மரம் தேர்ந்தீர், கூலி நெல்லாகவா பணமாகவா, யானை மிதித்து ஒருவன் இறந்தால் அவன் வீட்டுக்கு யார் என்ன கொடுத்தார் என்று கேட்கட்டும். கடைசிக் கேள்வியைக் கேட்டபின், விடை வரும்வரை பொறுத்திருக்கட்டும்.