பாடுபவரும் பிடிப்பவரும்: கபடியில் நெருக்கடி எங்கே தங்குகிறது?

நெருக்கடியில் தேர்ந்த ஆட்டக்காரர் தடுமாறுவது ஏன் என்ற கேள்விக்கு விளையாட்டு உளவியல் தேடிய விடைகள் பெரும்பாலும் கோல்ஃப், கூடைப்பந்தின் ஃப்ரீ த்ரோ, டார்ட்ஸ் போன்ற ஆட்டங்களிலிருந்து வந்தவை. அங்கே ஆட்டக்காரர் தனியே நின்று, வாய் பேசாமல் குறிபார்க்கிறார். மன்னார்குடியை அடுத்த வடுவூர் முதலான காவிரிப் படுகை ஊர்களில் வேரூன்றிய கபடி வேறு வகை. இதில் தாக்குபவர் பாடிக்கொண்டே எதிரணிக்குள் நுழைகிறார், தடுப்பவர்கள் பாடுவதில்லை. இந்த வேறுபாட்டை வைத்துப் பார்த்தால், நெருக்கடி மிகுதியாகத் தங்குவது அந்தத் தாக்குதலான ரெய்டின் முப்பது விநாடிகளில் அல்ல. ரெய்டுக்கு முந்தைய காத்திருப்பிலும் பாடாமல் நிற்கும் தடுப்பாளரிடத்திலும்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பாட்டும் உள்பேச்சும்

தானாக நடக்க வேண்டிய செயலை ஆட்டக்காரர் தன் கவனத்தால் கண்காணிக்கத் தொடங்குவதே தடுமாற்றத்துக்குக் காரணம் என்று ராய் பாமைஸ்டர் 1984இல் விளக்கினார். 1992இல் ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் இதை ஒரு படி முன்னே கொண்டுசென்றார். கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தள்ளப் பழகியவர்களில் ஒரு பிரிவினர், பழகும்போதே எழுத்துகளை வரிசையின்றிச் சொல்லிக்கொண்டிருந்தனர். பின்னர் நெருக்கடி கூட்டப்பட்டபோது, விதிகளைச் சொல்லிக் கற்றவர்களைப் போல அவர்கள் சரியவில்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப உச்சரிப்பது உள்பேச்சுக்கு இடையூறு செய்யும் என்பதை ஆலன் பேட்லி முதலியோரின் நினைவாற்றல் ஆய்வுகளும் காட்டியுள்ளன. ‘கபடி, கபடி’ என்ற பாட்டு ஏறத்தாழ அந்த வேலையையே செய்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. எழுத்துகளை வரிசையின்றிச் சொல்ல முயற்சி வேண்டும். கபடிப் பாட்டோ சிறு வயதிலேயே நாவில் பழகிவிட்டது. ஆகவே பாட்டு முழுக் கவனத்தையும் நிரப்பாது. பார்வையில் எழும் அச்சத்தையும் அது தடுக்காது. மறுப்பு சரியானதே. ஆனால் ‘காலை இப்படி வை, கையை அப்படி நீட்டு’ என்று தனக்குத்தானே கட்டளையிடும் குரல் மங்கினாலே பாதிப் பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது.

மூன்றாம் ரெய்டு

புரோ கபடியில் ஓர் அணி தொடர்ந்து இரண்டு முறை புள்ளியின்றித் திரும்பினால், மூன்றாவதாகச் செல்பவர் புள்ளி எடுத்தாக வேண்டும். இல்லையேல் வெளியேற வேண்டும். இதுவே ‘டூ ஆர் டை’ ரெய்டு. ரெய்டுகள் மாறி மாறி நடப்பதால், இந்தக் கட்டாயம் வந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் எதிரணியின் ஒரு ரெய்டு முடியும்வரை அவர் காத்திருக்கிறார். அப்போது அவர் வாயில் பாட்டில்லை; உள்பேச்சுக்குத் தடையும் இல்லை. போதாததற்கு, அந்த நேரத்தில் அவரே தடுப்பாளராகவும் நிற்கிறார்.

2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தில் இந்தியாவும் ஈரானும் 28–28 என்று சமநிலையில் இருந்தபோது, பவன் செராவத் இத்தகைய ரெய்டுக்குச் சென்றார். யாரையும் தொடாமல் அவர், தொட்ட பிறகே நுழையத்தக்க ஓரப்பகுதியான லாபிக்குள் போனார். ஈரான் தடுப்பாளர்களும் அவரைத் தொடர்ந்து அங்கே சென்றனர். எந்த விதி செல்லும் என்ற சர்ச்சையில் ஆட்டம் நீண்ட நேரம் நின்று, இறுதியில் இந்தியா 33–29 என வென்றது. ஈரான் தடுப்பாளர்களின் மனத்தில் ஓடியதை ஒளிப்பதிவு சொல்லாது. ஆனால் மூன்றாம் ரெய்டில் தடுப்பாளர்கள் பிடித்தே ஆக வேண்டியதில்லை. எட்டி நின்று நேரத்தைக் கடத்தினாலே போதும். போதும் என்று தெரிந்தும் பாய்வதே தடுப்பாளரின் நெருக்கடி.

பிடிப்பவரின் பொறுமை

தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டிய பின் 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணித்தலைவராகப் புரோ கபடிக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். தடுப்பு வரிசையின் ஓரமான கார்னரில் நிற்கும் ஒருவர் அந்த வயதிலும் ஆட முடிகிறதென்றால், எப்போது பிடிப்பது என்ற முடிவு கால்வேகத்துக்கு நிகரான எடை கொண்டது என்றே கொள்ள வேண்டும். பொங்கலையொட்டி நடக்கும் ஊர்ப் போட்டிகளில் கோட்டை ஒட்டி உட்கார்ந்திருக்கும் கூட்டம் ‘புடி, புடி’ என்றுதான் கத்துகிறது. ‘பொறு’ என்று கத்துவதில்லை. சொந்த ஊர்க் கூட்டமே சுமையாகலாம் என்று பாமைஸ்டரும் ஸ்டைன்ஹில்பரும் 1984இல் சொன்னதைப் பின்வந்த ஆய்வாளர்கள் மறுத்தார்கள். ஆயினும் கூட்டம் தவறான செயலையே கேட்கும் இடத்தில் அக்கருத்தை மீண்டும் சோதித்துப் பார்க்கலாம்.

பயிற்சிக்கு

பதற்றமூட்டிப் பயிற்சி செய்தவர்கள் பிறகு நெருக்கடியிலும் திறன் குன்றாமல் ஆடினர் என்று 2009இல் அவுடேயான்சும் பைபர்சும் கண்டனர். எனவே பயிற்சியாட்டத்தைச் சமநிலைப் புள்ளியில், மூன்றாம் ரெய்டிலிருந்தே தொடங்கலாம். கோட்டருகே ஊரை உட்கார வைக்கலாம். காத்திருக்கும் ரெய்டருக்கு, கோல்விட்சர் 1999இல் விளக்கிய ‘இப்படி நடந்தால் இதைச் செய்வேன்’ வகைத் திட்டம் ஒன்று போதும்: கார்னர் முன்னே வந்தால் தொடுவேன், ஆறு பேர் நின்றால் கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோடு. பிடிப்பவர்களுக்கோ, ரெய்டரைத் தொடாமல் திருப்பி அனுப்பும் பயிற்சிக்கும் மதிப்பெண் தர வேண்டும்.

இவ்வாதத்தைச் சோதிக்க ஆட்ட ஒளிப்பதிவுகளே போதும். இது சரியானால், மூன்றாம் ரெய்டின் பிழைகளில் பெரும்பங்கு காத்திருப்பின் தாக்கம் இன்னும் நீங்காத முதல் சில விநாடிகளிலும் தடுப்பாளர் பக்கத்திலும் விழ வேண்டும். கடைசி விநாடிகளில் ரெய்டரிடமே அவை குவிந்திருந்தால், பாட்டு காக்கிறது என்ற கருத்தைக் கைவிட வேண்டியதுதான்.