முடிவிடமும் தூரமும்: ஊவாச் சரிவின் வேட்டைநாய்க் கூட்டமும் அலாஸ்காவின் நாய்வண்டி ஓட்டமும்

நாயும் மனிதனும் கூடி நெடுந்தூரத்தைக் கடக்கும் விளையாட்டு மரபு உறைபனி நிலங்களுக்கே உரியது என்பது நாய்வண்டி ஓட்டத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கைக்கொண்ட முடிபு. இலங்கை மலைநாட்டு வேட்டை இலக்கியத்தை ஆராய்ந்தோரோ, அங்கு ஓடிய நாய்களைத் துரையின் ஆண்மைக்கும் அதிகாரத்துக்கும் அமைந்த பின்திரையாகவே கண்டனர். இவ்விரு முடிபுகளும் ஒன்றையொன்று அறியாதவை. எனினும் நாயின் ஓட்டம் தனித்துப் படிக்கத்தக்க ஒரு பொருளன்று என்ற எண்ணத்தில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. சாமுவேல் பேக்கர் 1854இல் வெளியிட்ட ‘தி ரைபிள் அண்ட் த ஹவுண்ட் இன் சிலோன்’ நூலில், நுவரெலியா மேட்டுநிலத்தில் தொடங்கி ஊவாப் பக்கமாக இறங்கும் வேட்டைகளை மட்டும் பிரித்தெடுத்துப் படிக்கும்போது இரு முடிபுகளும் தளர்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வாதத்தின் எல்லையை முதலில் வரையறுத்துக்கொள்வது தகும். ஊவாவில் நாய்வண்டிப் பந்தயம் நடந்ததென்றோ, அலாஸ்கா மரபுக்கும் இலங்கை வேட்டைக்கும் நேரடி உறவு உண்டென்றோ இங்குக் கூறப்படவில்லை. தூரத்தைக் கடந்த உழைப்பு யாருடையது, அதன் புகழ் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்னும் கேள்வி இரு நிலங்களிலும் ஒரே வடிவில் எழுகிறது என்ற அளவிலேயே ஒப்பீடு நிற்கிறது.

ஒலியால் எழுதப்பட்ட நூல்

1848இல் குடும்பத்தாரோடும் பண்ணையாட்களோடும் கால்நடைகளோடும் நுவரெலியாவில் குடியேறிய பேக்கர், இங்கிலாந்திலிருந்து நரிவேட்டைக்கான ‘ஃபாக்ஸ்ஹவுண்ட்’ நாய்க்கூட்டம் ஒன்றையும் தருவித்திருந்தார். அவர் ‘எல்க்’ என்று எழுதும் விலங்கு, இலங்கைத் தமிழர் மரை என்று வழங்கும் பெரிய மானினமாகும். மரையைத் துப்பாக்கியால் சுடாமல், நாய்களை ஏவிக் களைப்படையச் செய்து, அது நீர்மடுவிலோ பாறையிடுக்கிலோ திரும்பி எதிர்த்து நிற்கும்போது வேட்டைக்கத்தியால் கொல்வதே அவர் கைக்கொண்ட முறை. அதற்கெனக் கூட்டத்தில் இருவகை நாய்கள் இருந்தன. மோப்பத்தால் தடம் கண்டு குரைத்தபடி தொடர்பவை ஒருவகை. இவற்றைத் தடநாய்கள் எனலாம். எதிர்த்து நிற்கும் விலங்கைப் பாய்ந்து பற்றுபவை மற்றொரு வகை, இவை பிடிநாய்கள். புளூபியர்ட் முன்னதற்கும், கில்பக், ஸ்மட் ஆகியவை பின்னதற்கும் நூலில் பெயர் பெற்ற எடுத்துக்காட்டுகள்.

மேட்டுநிலத்தின் ஊவா விளிம்பு இவ்வேட்டையின் இயல்பையே மாற்றிவிடும் நிலம். வேட்டைகள் பல, பரணகமைப் பக்கமாகக் கோட்டை மக்டொனால்ட் ஆற்றை நோக்கிச் சரிகின்றன; 1817-18 கிளர்ச்சியின்போது ஆங்கிலேயர் வைத்திருந்த காவற்கோட்டையின் பெயரே அவ்வாற்றுக்கு வழங்கியது. குளிர்காடு முடிந்து பத்தனை எனப்படும் புற்சரிவு தொடங்கும் அவ்விடத்தில், மரை கீழ்நோக்கி ஓடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே நாய்கள் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றன. பின்னர்ச் செவிக்கும் எட்டாமல் போகின்றன. குதிரை இறங்க முடியாத சரிவில் பேக்கர் கால்நடையாகவே தொடர வேண்டியிருக்கிறது. மேட்டில் நின்று காது கொடுத்துக் கேட்பதும், குரைப்பு எப்பக்கம் நகர்கிறது என்று ஊகிப்பதும், இடம்பெயராமல் ஓரிடத்திலேயே நிலைத்துவிட்ட குரைப்பைக் கொண்டு மரை எதிர்த்து நிற்கிறது என்று தெளிவதும் இவ்வத்தியாயங்களின் பெரும்பகுதியை நிரப்புகின்றன.

முந்தைய ஆய்வு இப்பகுதிகளைக் கத்தி வீழும் இறுதிக் கணத்துக்கு இட்டுச் செல்லும் தாமத உத்தியாகவே படித்துவந்துள்ளது. அப்படிப் படிக்கத் தூண்டும் கூறுகள் நூலில் உண்டு என்பதை மறுக்க இயலாது. பேக்கர் தம் துணிவைக் குறைத்துச் சொல்பவர் அல்லர். ஆயினும் தாமத உத்தி என்ற விளக்கம் ஒரு முக்கிய உண்மையைக் கணக்கில் கொள்ளவில்லை. கதைசொல்லி பல இடங்களில் பிந்தியே வருகிறார். அவர் வந்தடையும்போது வேட்டையின் போக்கு ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது: எந்தத் தடத்தை விட்டு எதைப் பற்றுவது, கூட்டம் பிரிந்தால் எந்தப் பிரிவோடு செல்வது, நீரில் இறங்கிய விலங்கை எந்தக் கரையில் காத்து நிற்பது ஆகிய முடிவுகளை நாய்களே எடுத்துவிட்டன. மனிதனின் கட்டளை எட்டாத தொலைவில் எடுக்கப்பட்ட முடிவுகளின் விளைவைத்தான் கத்தி முடித்துவைக்கிறது.

தூய ஃபாக்ஸ்ஹவுண்ட் இனம் இக்காட்டுக்குப் போதாது, கலப்பினமே தேவை என்று பேக்கர் வற்புறுத்துவதன் பொருளும் இங்கேதான் விளங்குகிறது. இங்கிலாந்தின் திறந்த வயல்வெளியில் வேட்டைத் தலைவனின் கண்பார்வையில் ஒன்றாக ஓடும்படி வளர்க்கப்பட்ட நாய், தனித்து விடப்பட்டால் தடுமாறும். ஊவாச் சரிவோ தனித்து விடப்படுவதையே விதியாகக் கொண்ட நிலம். இக்கருத்தை இனக்கலப்புப் பற்றிய அக்கால ஆங்கிலேயரின் பொழுதுபோக்கு ஆர்வம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது உண்மையில் தற்சார்பான முடிவெடுக்கும் ஆற்றலைப் பற்றிய நடைமுறைக் குறிப்பாகும்.

பேக்கரின் கூற்றை எவ்வளவு நம்பலாம் என்ற ஐயம் நியாயமானது. அவருடைய யானை எண்ணிக்கைகளையும் துப்பாக்கிச் சாதனைகளையும் தயக்கத்தோடுதான் ஏற்க வேண்டும். எனினும் மிகைப்படுத்துவோன் தன் பக்கம் சாய்த்தே மிகைப்படுத்துவான் என்பது மூலத்திறனாய்வின் எளிய விதி. தான் பிந்தினான், வழி தவறினான், குரைப்பை இழந்தான், இரவானபின் நாய்களைக் காட்டிலேயே விட்டுத் திரும்பினான், சிறுத்தைக்கு நாய்களைப் பறிகொடுத்தான் என்று ஒருவன் தன்னைச் சிறிதாக்கும் செய்திகளைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்யும்போது, அவை அவன் புகழ்ச்சியைவிட உறுதியான சான்றாகின்றன. வீரக்கதையாக மட்டும் இந்நூலைப் படித்தவர்கள், அதன் நம்பத்தகாத பகுதிக்கு நிறைய இடமும் நம்பத்தக்க பகுதிக்குக் குறைந்த இடமும் அளித்துவிட்டனர் என்றே சொல்ல வேண்டும்.

அலாஸ்காவிலிருந்து ஒரு வெளிச்சம்

தூரத்தின் உழைப்பை முடிவிடம் விழுங்கிவிடும் இப்போக்குக்கு நாய்வண்டி வரலாற்றிலேயே தெளிவான சான்று இருக்கிறது. 1925 சனவரி இறுதியில், தொண்டை அடைப்பான் நோய்க்கான மருந்து நெனானாவிலிருந்து நோம் நகருக்கு ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் தூரம் நாய்வண்டிகளில் கைமாறிக் கைமாறிச் சென்றது. மஷர் எனப்படும் நாய்வண்டி ஓட்டுநர் 20 பேர் அதில் பங்கேற்றனர். அவர்களில் பலர் அலாஸ்காப் பூர்வகுடியினர். லியோனார்ட் செப்பாலாவின் அணி, டோகோ என்னும் தலைநாயின் முன்செலுத்தலில், மருந்தை எதிர்கொள்ளச் சென்ற தூரத்தையும் சேர்த்து ஏறக்குறைய 420 கிலோமீட்டர் ஓடியது. இறுதிக் கட்டத்தை ஓட்டி நோமை அடைந்தவர் குன்னார் காசன். அவருடைய அணியின் தலைநாய் பால்ட்டோ. அவ்வாண்டின் இறுதியிலேயே நியூயோர்க் மத்தியப் பூங்காவில் சிலை எழுந்தது பால்ட்டோவுக்கே. தோட்டக் கோயில் தேர் நிலைக்கு வந்தபின் முட்டுக்கட்டை போட்டவரை மட்டும் கொண்டாடி, வீதி முழுதும் வடம் பிடித்தவர்களை மறந்துவிடுவது போன்றதே இது.

தலைநாய் என்பது அணியின் முன்னே ஓடும் நாய். ஓட்டுநருக்குக் கடிவாளம் கிடையாது, குரல் ஒன்றே கருவி. பனிப்புயலில் பாதை மறையும்போதும் ஆற்றுப் பனிக்கட்டி மெலிந்திருக்கும்போதும் குரலையும் மீறித் தன் கால் உணர்ந்ததை நம்பித் திரும்பும் நாயே சிறந்த தலைநாய் என்பது ஓட்டுநர்களின் கொள்கை. முன்னே வழி காண்பதற்கும், அதன் பின்னே அணியைத் திருப்புவதற்கும், வண்டியை ஒட்டிப் பாரம் தாங்குவதற்கும் வெவ்வேறு நாய்கள் அமர்த்தப்படுகின்றன. தடநாய், பிடிநாய் என்று பேக்கர் செய்த பகுப்பும் இதே தேவையிலிருந்து பிறந்தது: மனிதன் அணுக முடியாத இடத்தில் வேலை நடக்க வேண்டுமானால் அவ்வேலை நாய்களுக்குள்ளேயே பங்கிடப்பட்டாக வேண்டும்.

வேறுபாடும் சிறிதன்று. 1973இல் தொடங்கி, ஆங்கரேஜ் பகுதியிலிருந்து நோம் வரை சுமார் 1,600 கிலோமீட்டர் நடைபெறும் இடிட்டரோட் பந்தயம், ஓய்வையும் விதியாக எழுதி வைத்திருக்கிறது. 24 மணிநேர நிறுத்தம் ஒன்றும் 8 மணிநேர நிறுத்தங்கள் இரண்டும் கட்டாயம். நிலையங்களில் கால்நடை மருத்துவர்கள் நாய்களைச் சோதிக்கின்றனர். களைத்த நாயை ஓட்டுநர் நிலையத்தில் விட்டுவிட்டுச் செல்லலாம். அப்படியிருந்தும் நாய்கள் இறந்ததுண்டு, அதன் மேல் கண்டனங்களும் எழுந்ததுண்டு. ஆயினும் இவ்வேற்பாட்டினால் ஒவ்வொரு நாயும் ஓட்டத்தின் ஏடுகளில் இடம்பெறுகிறது. பேக்கரின் நாய்களுக்கு அத்தகைய ஏடு இல்லை. அவருடைய நினைவில் நின்ற நாய்க்கே பெயர் உண்டு.

பெயரில்லாதோர்

நாய்களில் சிலவற்றுக்காவது பெயர் கிடைத்தது. கூடாரத்தையும் உணவையும் சுமந்து காட்டுக்குள் சென்றோர் நூலில் பெரும்பாலும் ‘கூலிகள்’ என்ற தொகைப்பெயராகவே வருகின்றனர். யானை வேட்டையில் துப்பாக்கி சுமந்த சிலர் பெயரோடு வருவதை நோக்க, இம்மௌனம் இன்னும் தெளிவாகிறது. ஆபத்தான இறுதிக் கணத்தில் துரையின் அருகே நின்றவனுக்குப் பெயர் உண்டு; அக்கணம் வரை தூரத்தைச் சுமந்தவனுக்குப் பெயர் இல்லை. நோமுக்கு மருந்து சென்ற வழியின் பூர்வகுடி ஓட்டுநர்கள் நெடுங்காலம் பொதுநினைவில் இடம்பெறாமல் போனதும் இதே விதியின்படிதான்.

ஊவாவின் பொதுநினைவும் இவ்விதிக்கு விலக்கன்று. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த அவருடைய நினைவாகவே பதுளைப் புனித மாற்கு ஆலயம் எழுந்தது. பேக்கருக்குப் பின் தோட்டத்துரைமார் நாய்க்கூட்ட வேட்டையைத் தொடர்ந்தனர். ஹோர்ட்டன் சமவெளியிலுள்ள ஃபார் விடுதி அவர்களுள் ஒருவரான தோமஸ் ஃபாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வேட்டைகளின் பின்புலத்தில் லயங்களில் வாழ்ந்த உழைப்பாளருக்குக் கல்லும் இல்லை, கட்டடமும் இல்லை.

மறுப்புகள்

மூன்று மறுப்புகள் எழலாம். பாரமும் கடிகாரமும் இல்லாத ஓட்டத்தைப் பந்தயத்தோடு ஒப்பிடலாகாது என்பது முதலாவது. ஒப்பீடு பந்தய வடிவைப் பற்றியதன்று, உழைப்பின் பங்கீட்டைப் பற்றியது என முன்னரே கூறப்பட்டதால் இது வலுவிழக்கிறது. உயிரைக் கொல்லும் வேட்டையையும் கொல்லாத ஓட்டத்தையும் ஒருங்கே வைப்பது அறமன்று என்பது இரண்டாவது. அது வேறு விவாதம்.

மூன்றாவதே கனமானது. நாய் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் இளைத்தே வெப்பத்தைப் போக்குகிறது. ஆகவே நெடுந்தூர ஓட்டம் குளிர்நிலத்தில்தான் இயலும், வெப்பநாட்டில் நடப்பது குறுந்தூரத் துரத்தலே என்பது அம்மறுப்பின் சாரம். சராசரியாக 16 பாகை செல்சியஸ் அளவேயான நுவரெலியாவின் குளிரும், விடியற்பொழுதில் வேட்டையைத் தொடங்கும் வழக்கமும், மரை தேடி ஓடும் ஆற்றுநீரும் இதற்கு ஒருவகை விடையாகின்றன. அதனினும் முக்கியமாக, அலாஸ்கா ஓட்டுநர்களும் பகல் வெயில் ஏறினால் நாய்களை நிறுத்தி இரவில் ஓட்டுகின்றனர். வெப்பத்தை வெல்வது இரு நிலங்களுக்கும் பொதுவான சிக்கல். அளவில் மட்டுமே வேறுபாடு. கடலிலிருந்து 1,868 மீட்டர் உயர நுவரெலியாவிலிருந்து கீழிறங்க இறங்க அச்சிக்கல் கடுமையாகும் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ளலாம்.

முடிபு

1854இன் நூலை ஒரு மனிதனின் துணிவைப் பற்றிய நூலாகப் படிக்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். ஊவாப் பக்க வேட்டைகளில் அது, தலைவன் பின்தங்கிவிட்ட ஓர் ஓட்டத்தின் பதிவு. அப்பதிவில் நாய்கள் பாதியும் சுமந்தோர் முழுதும் மறைக்கப்பட்டுள்ளனர். நாய்களைப் பற்றி அந்நூலைக் கொண்டே இன்னும் கண்டறியலாம். மனிதரைப் பற்றி அறியத் துரைமாரின் நூல்கள் போதா. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களில் எஞ்சியிருக்கும் செக்ரோல் எனப்படும் வேலையாள் பதிவேடுகளையும் செலவேடுகளையும், நாய்க்கு இரை வைத்தவர் யார், காட்டுக்குச் சுமை எடுத்தவர் யார், அந்நாளை வேலைநாளாகக் கணக்கிட்டு அவருக்குப் பேர் போடப்பட்டதா என்ற கேள்விகளோடு படிக்கும் பணி இனி தொடங்க வேண்டும். கறையானும் மழையும் அவ்வேடுகளை அழித்துவிடுமுன் அவற்றைத் திரட்டிப் பாதுகாப்பது ஊவாவின் பல்கலைக்கழகத்துக்கும் மலையக ஆய்வாளர்களுக்கும் உரிய கடமை.