பாதி அங்கே, பாதி இங்கே

எஸ்.டி.பி.எம். முடிவு வந்த வாரம் பினாங்கு பாயான் லெப்பாசில் என் வீட்டு வாசல் மணி ஓயாது. ஆறாம் படிவத்துக்கு உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால், பிள்ளையை டாக்டராக்க நினைக்கும் பெற்றோர் இரண்டு மூன்று கல்லூரிக் கடிதங்களோடு வந்து உட்காருவார்கள். பாதிப் பேர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வருபவர்கள். "எது டீச்சர் நல்ல காலேஜ்?" என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இரண்டாம் அட்டவணையில இருக்கா?" 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தோடு சேர்ந்த பட்டியல் அது. அதில் பெயர் இல்லாத இடத்தில் படித்துவிட்டு வந்தால் இங்கே தனியாக ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும். கட்டடமும் நூலகமும் அதற்கப்புறம்.

இந்தக் கவலைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. ஆரம்பத்தில் பினாங்குப் பையன் டாக்டராக வேண்டுமென்றால் சீமைக்குப் போக வேண்டும். 1885-இல் வந்த குயின்ஸ் உதவித்தொகை மிகச் சிலருக்கே கிடைத்தது. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த வூ லியன் தே 1896-இல் அதைப் பெற்றுத்தான் கேம்பிரிட்ஜ் போனார். பின்னால் மஞ்சூரியாவின் பிளேக்கை எதிர்த்து நின்ற அதே வூ. உதவித்தொகையும் இல்லாமல் அப்பாவிடம் பணமும் இல்லாதவன் என்ன செய்வான்? 1904-இல் டான் ஜியாக் கிம் என்ற வணிகரும் மற்றவர்களும் அரசாங்கத்திடம் மனுக் கொடுத்து, 87,077 வெள்ளி திரட்டிக் கொடுத்தார்கள். 1905 ஜூலையில், மனநோய் மருத்துவமனையாக இருந்த பழைய கட்டடம் ஒன்றில், 23 மாணவர்களோடு சிங்கப்பூர் மருத்துவப் பள்ளி திறந்தது. பிற்பாடு ஏழாம் எட்வர்ட் கல்லூரி என்று பேர் வாங்கியது அதுதான்.

பள்ளி திறந்தால் மட்டும் போதுமா? 1916-இல் லண்டன் பொது மருத்துவ மன்றம் அதன் பட்டயத்தை ஏற்றுக்கொண்ட பிறகுதான், அதை வாங்கியவர் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் எங்கும் டாக்டராக நிற்க முடிந்தது. கப்பலில் சிங்கப்பூர் வரை போனால் போதும் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

நம் ஆட்களின் கதை வேறு. தோட்டத்தில் வைத்தியம் என்றால் டிரெஸ்ஸர் ஐயா. பெரிய டாக்டர் எப்போதாவது வந்து போகும் வெள்ளைக்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து படித்து வந்தவர்கள் ஆஸ்பத்திரிகளில் இருந்தார்கள். கொஞ்சம் வசதியுள்ள குடும்பங்கள் 'ரஜூலா' கப்பலில் ஏற்றிப் பிள்ளையை மெட்ராசுக்கு அனுப்பின. 1835-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி அங்கே இருந்தது, தமிழ்ச் சாப்பாடும் இருந்தது. ஆனால் 1930-இல் அதே லண்டன் மன்றம், பிரசவப் பயிற்சி போதாது என்று இந்தியப் பட்டங்களுக்கான அங்கீகாரத்தை நிறுத்தியது. இந்தியா தனக்கென்று மருத்துவ மன்றம் அமைத்துக்கொள்ள 1933-இல் சட்டம் வந்ததற்கு இந்த அவமானமும் ஒரு காரணம். பட்டம் அதே பட்டம், படித்தவனும் அதே ஆள். எங்கோ ஒரு மேசையில் கையெழுத்து மாறினால் மதிப்பு மாறிவிடும். 1975-இல் பிரிட்டன் மறுபடியும் அதையே செய்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் வந்தது. அதன் முதல் டீன் டாக்டர் டி. ஜே. தனராஜ். எங்கள் தீவில் 1969-இல் அறிவியல் பல்கலைக்கழகம் வந்தது, பத்து வருஷத்தில் அதற்கு மருத்துவப் பள்ளியும் வந்தது. வந்த பள்ளி கிளந்தானின் குபாங் கெரியானுக்குப் போய்விட்டது! எழுபதுகளில் இனவாரி ஒதுக்கீடு இறுகியபின் அரசாங்க இடங்கள் நம் பிள்ளைகளுக்கு எட்டாக்கனியாயின. அப்போதுதான் மணிபால் என்ற பெயர் பினாங்குத் தமிழ் வீடுகளில் அடிபட ஆரம்பித்தது. கர்நாடகக் கடலோரத்தில் 1953-இல் தனியார் தொடங்கிய கல்லூரி. காசு கட்டினால் இடம். நிலத்தை விற்றவர்களை எனக்குத் தெரியும், கல்யாணத்துக்குச் சேர்த்த நகையை அடகு வைத்தவர்களையும் தெரியும்.

தொண்ணூறுகளில்தான் 'டுவின்னிங்' வந்தது. 1992-இல் கோலாலம்பூரில் தொடங்கிய கல்லூரி முதல் பாதியை இங்கே நடத்தி, மீதிக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. 1996-இல் பினாங்கு மருத்துவக் கல்லூரி அதைத் தலைகீழாக்கியது: இரண்டரை வருஷம் டப்ளினில், பிறகு நம் ஜெனரல் ஆஸ்பத்திரி வார்டில், பட்டம் அயர்லாந்துடையது. அடுத்த வருஷமே மணிபாலும் மலாக்காவும் அதே முறையில் கைகோத்தன. அந்த 1997-இல்தான் வெள்ளியின் மதிப்பு விழுந்தது. டாலருக்கு இரண்டரை என்றிருந்தது நாலைத் தாண்டியது. முழுப் படிப்பையும் வெளிநாட்டில் முடிக்கக் கணக்குப் போட்டிருந்த குடும்பங்களுக்கு, பாதி மட்டும் வெளியே என்பது மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

பினாங்குக் கல்லூரி நிற்கும் தெரு சிப்பாய் லைன்ஸ். 1905-இல் சிங்கப்பூர்ப் பள்ளி தொடங்கிய வட்டாரத்துக்கும் அதே பெயர்தான். இந்தியச் சிப்பாய்கள் குடியிருந்த இரண்டு வரிசைகளில் டாக்டர்கள் உருவானார்கள்; யாரும் திட்டமிட்டதல்ல, எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

எந்தப் பாதி எங்கே என்று என்னைக் கேட்டால், பின் பாதி இங்கே இருக்கட்டும் என்பேன். உடற்கூறு எந்த ஊரிலும் ஒன்றுதான். நோயாளி அப்படியில்லை, ஹொக்கியன் பாட்டி ஒரு விதமாக வலியைச் சொல்வாள், பாலிக் பூலாவ் மலாய்க்காரர் வேறு விதமாகச் சொல்வார், நம் கிழவி 'வயிறு என்னவோ பண்ணுது' என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அதைக் கேட்டுப் பழகாதவனுக்கு ஹவுஸ்மேன் காலம் நரகம். பாலம் தாண்டி வடக்கே கெடாவில், ம.இ.கா. (மலேசிய இந்திய காங்கிரஸ்) முயற்சியில் 2001-இல் உருவான எய்ம்ஸ்டில், முழுப் படிப்பும் உள்நாட்டிலேயே. வெளிநாட்டுப் பெயர் வேண்டும் என்ற ஆசையில் அதை இளப்பமாகப் பேசுபவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

மலிவாக முடியும் என்று கிரிமியாவுக்குப் போனவர்களும் உண்டு. 2005-இல் அங்குள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை மலேசியா ரத்து செய்தபோது தமிழ்ப் பத்திரிகைகளில் எத்தனை கண்ணீர்! ஐந்தாறு வருஷத்தில் நிலைமை வேறாகி, கல்லூரிகள் பெருகிவிட்டன என்று புதிய மருத்துவப் படிப்புகளுக்கே அரசாங்கம் தடை போட்டது.

2016-லிருந்து புது டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள். 2021 ஜூலை 26 அன்று, கோவிட் உச்சத்தில், அதை எதிர்த்து அவர்கள் கறுப்பு உடையில் வார்டை விட்டு வெளியே வந்து நின்றார்கள். அதைப் பார்த்த பின் வரும் பெற்றோரின் கேள்வி மாறிவிட்டது. சிப் தொழிற்சாலையில் இருபது வருஷம் வேலை பார்த்த ஒரு தாய், மகளின் இரண்டு கடிதங்களையும் என் முன்னால் வைத்து, "அட்டவணையில ரெண்டுமே இருக்கு டீச்சர், நான் பார்த்துட்டேன். படிச்சு முடிச்சா நிரந்தர வேலை எதுல கிடைக்கும்?" என்றாள். இரண்டிலும் ஒரே ஒப்பந்தம்தான் என்றேன். அப்படியானால் கட்டணம் குறைவானதையே எடுத்துக்கொள்கிறோம் என்று மற்றக் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.