ஒரு சொம்புத் தண்ணியின் வரலாறு

'கக்கூஸ்' தமிழ்ச் சொல் இல்லை. டச்சுக்காரர்கள் தமிழகக் கடற்கரையிலும் இலங்கையிலும் கோட்டை கட்டி வியாபாரம் செய்த காலத்தில் விட்டுப்போன சொல் அது. சிங்களத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. கடன் வாங்கியதை நாம் எவ்வளவு சொந்தமாக்கிக்கொண்டோம் என்றால், இன்று அதைச் சபையில் சொல்லக் கூச்சப்பட்டு, 'பாத்ரூம்' என்று இன்னொரு கடனை வாங்கி அதன்மேல் போர்த்துகிறோம். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒவ்வொரு முறையும் எவ்வளவு தண்ணீர் போகிறது, அது எங்கிருந்து வந்தது, யார் அதற்கு விலை கொடுத்தார்கள் என்ற கேள்விகளும் அந்தப் போர்வைக்குள்ளேயே கிடக்கின்றன.

சேலத்துக்கு இந்தக் கேள்வி பனமரத்துப்பட்டியில் தொடங்குகிறது. ஜருகுமலை அடிவாரத்தில், இன்று அரளித் தோட்டங்களுக்குப் பேர்போன அந்த ஊரில், 1911இல் பிரிட்டிஷார் ஒரு பெரிய ஏரியை அமைத்தார்கள். பரப்பு 2,000 ஏக்கருக்கும் மேல். சேலம் நகரத்தின் குடிநீருக்காகவே வெட்டிய ஏரி அது. 1901 கணக்கெடுப்பில் சேலத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 70 ஆயிரம். தெருக்குழாயில் குடம் வைத்துப் பிடித்த காலம். குடத்தில் வந்த தண்ணிக்கு ஒரு கணக்கு இருந்தது. இடுப்புதான் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டது. பத்து லிட்டரைச் சுமந்து வந்த பெண், அதை ஒரே தடவையில் குழிக்குள் ஊற்ற மாட்டாள்.

அப்படியானால் அந்த நகரம் கழிவை என்ன செய்தது? பதில் அசிங்கமானது. எடுப்புக் கக்கூஸ். தண்ணீரே தேவைப்படாத கழிப்பிடம். தினமும் காலையில் ஒரு மனிதர், பெரும்பாலும் ஒரு பெண், பின்பக்கச் சந்து வழியாக வந்து, தகரத்தால் வழித்து, கூடையில் அள்ளி, தலையில் சுமந்து போவார். அந்த மனிதர் எந்தச் சாதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர்களின் வரலாற்றில் மிகக் கச்சிதமான 'தண்ணீர்ச் சிக்கனம்' இதுதான். ஒரு சொட்டு செலவில்லை. ஒரு சமூகத்தின் தலை மட்டும் செலவு.

ஆகவே தண்ணியை மிச்சம் பிடிப்போம் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்க விரும்புவது 'எத்தனை லிட்டர்?' என்பதை அல்ல, 'யார் தலையில்?' என்பதைத்தான்.

இங்கிலாந்தில் இந்தக் கதை வேறு மாதிரி போனது. 1596இல் ஜான் ஹாரிங்டன் தண்ணீர்த் தொட்டி வைத்த கழிப்பறை ஒன்றைப் பற்றி எழுதினார். ராணி எலிசபெத்தின் ஞானமகன் அவர். ஊர் சிரித்தது, யாரும் பின்பற்றவில்லை. 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் குழாயை 'எஸ்' போல வளைத்தார். வளைவில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். கீழேயிருக்கும் நாற்றம் மேலே வராது. இன்றைய எல்லாக் கழிப்பறைக்கும் அந்த வளைவுதான் ஆதாரம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். கழிப்பறைத் தண்ணீருக்கு இரண்டு வேலை. ஒன்று, நாற்றத்துக்குப் பூட்டுப் போடுவது. இன்னொன்று, கழிவைத் தள்ளிவிடுவது. பூட்டுக்குத் தேவை சின்ன அளவு. மீதி முழுக்கத் தள்ளுவதற்கு. அந்தத் தள்ளும் வேலையைச் சரிவும் வழவழப்பும் செய்துவிட்டால் தண்ணீர் குறையும். பிறகு வந்த சிக்கனக் கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் இந்த ஒரு வரியின் விரிவுரைதான்.

தண்ணீரே வேண்டாம் என்றவரும் அங்கே இருந்தார். ஹென்றி மூல் என்ற பாதிரியார் 1860இல் மண் கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். நெம்புகோலை இழுத்தால் காய்ந்த மண் விழுந்து மூடும். சில வாரங்களில் எல்லாம் மண்ணாகிவிடும். பிரிட்டிஷார் இதை இந்தியச் சிறைகளுக்கும் படைமுகாம்களுக்கும் கொண்டுவந்தார்கள். யோசனை நல்லது. ஆனால் இந்த நாட்டில் அந்த மண்ணை அள்ளிப்போடவும் பிறகு அகற்றவும் ஆள் ஏற்கெனவே 'தயாராக' இருந்தார். சாதி ஒரு நல்ல தொழில்நுட்பத்தைக்கூடத் தனக்கேற்ப வளைத்துக்கொள்ளும்.

இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தவர் பிந்தேஸ்வர் பாடக். 1970இல் பீகாரில் சுலப் அமைப்பைத் தொடங்கி, இரட்டைக் குழிக் கழிப்பறையைப் பரப்பினார். செங்குத்தான சரிவுள்ள கோப்பை, சின்ன நீர்ப்பூட்டு, பின்னால் இரண்டு குழிகள். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போதும். ஒரு சொம்புத் தண்ணி! ஒரு குழி நிறைந்தால் அடைத்துவிட்டு இன்னொன்றுக்குத் திருப்ப வேண்டும். ஓரிரு வருடத்தில் முதல் குழியில் இருப்பது நாற்றமில்லாத எருவாகிவிடும். தண்ணீரும் மிச்சம், தலையும் மிச்சம். இரண்டையும் ஒரே நேரத்தில் மிச்சப்படுத்தியதுதான் இதன் பெருமை.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு கதை உண்டு. நாமக்கல் எல்லையைத் தாண்டினால் முசிறி. காவிரிக்கரை, நிலத்தடி நீர் மேலேயே இருக்கும். குழி தோண்டினால் கழிவு கிணற்றுக்குப் போய்விடும். அங்கே மராச்சி சுப்புராமனின் 'ஸ்கோப்' அமைப்பு, மலம், சிறுநீர், கழுவும் நீர் மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்கும் கழிப்பறைகளைக் கட்டியது. மேலே சாம்பல் தூவினால் போதும், ஃப்ளஷ் கிடையாது. பயன்படுத்துகிறவருக்கே காசு கொடுத்த பொதுக் கழிப்பறை என்று அது செய்தியானது. சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதற்கிடையே நகரத்து வீடுகளில் வெள்ளைத் தொட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. கைப்பிடியை அழுத்தினால் பத்து லிட்டர் 'தடதட'வென்று இறங்கும். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவுகோல். ஆனால் 1911இல் எழுபதாயிரத்துச் சொச்சத்துக்குக் கணக்குப் போட்ட சேலம், 2011இல் 8.29 லட்சம் பேராகியிருந்தது. மேட்டூர் அணை 1934இல் முடிந்தபின் காவிரித் தண்ணீர் நகரத்துக்கு வரலாயிற்று. பனமரத்துப்பட்டி ஏரி மெல்ல மறதிக்குள் போனது. பல வருடங்கள் வறண்டு, சீமைக்கருவேலம் காடாக மண்டியது. தூரத்து ஆறு வீட்டுக்குள் வந்ததும் பக்கத்து ஏரி கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

1980இல் ஆஸ்திரேலியாவின் கரோமா நிறுவனம் இரண்டு பொத்தான் வைத்த தொட்டியைக் கொண்டுவந்தது. இன்றைய தொட்டிகளில் பெரியதுக்கு ஆறு லிட்டர், சின்னதுக்கு மூன்று. கணக்குப் போடுவோம். ஒருவர் நாளுக்கு ஐந்து முறை என்றால் பழைய தொட்டிக்கு 50 லிட்டர். புதியதில் ஒரு பெரியது, நாலு சின்னது, மொத்தம் 18. நாலு பேர் வீட்டில் தினமும் 128 லிட்டர் மிச்சம். மூன்று மாதத்தில் ஒரு 12,000 லிட்டர் தண்ணீர் லாரி வாசலில் நிற்கிற அளவு.

தொட்டியை மாற்றக் காசில்லையா? ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணி நிரப்பி மூடி, தொட்டிக்குள் மிதவையில் இடிக்காமல் வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிச்சம். செங்கல் வேண்டாம், கரைந்து வால்வைக் கெடுக்கும். தொட்டியில் கொஞ்சம் மஞ்சள் தூளைக் கலக்கி அரைமணி நேரம் விடுங்கள். யாரும் அழுத்தாமலே கோப்பையில் மஞ்சள் இறங்கினால் வால்வு கசிகிறது என்று அர்த்தம். உட்காருவதற்கு முன் அரைச் சொம்புத் தண்ணியால் கோப்பையை நனைத்துவிடுவது பழைய பழக்கம். ஈரத்தில் கழிவு ஒட்டாது, பிறகு குறைவாக ஊற்றினால் போதும். துணி அலசிய தண்ணியையும் ஊற்றலாம்; வாளியை மட்டும் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் டெங்குக் கொசு குடிவரும்.

சுத்தத்துக்கு வருவோம். சேலம் பக்கத்து வீடுகளில் 'நல்ல தண்ணி', 'உப்புத் தண்ணி' என்று இரண்டு குழாய். கழிப்பறைக்குப் போவது உப்புத் தண்ணி. அதிலிருக்கும் சுண்ணாம்பும் மக்னீசியமும் கோப்பையில் படிந்து சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்பில்தான் மஞ்சள் கறை பிடிக்கும். அதைக் கண்டு நாம் ஆசிட்டைக் கொட்டுகிறோம், பிறகு அதைக் கழுவப் பத்து வாளி ஊற்றுகிறோம். படிவைக் கரைக்க அமிலம் வேண்டும்தான், ஆனால் மென்மையான அமிலமே போதும். மளிகைக் கடை எலுமிச்சை உப்பு இரண்டு ஸ்பூனை வெந்நீரில் கரைத்து இரவில் ஊற்றி, காலையில் பிரஷ்ஷால் தேய்த்தால் விட்டுவிடும். பித்தளைக் குடத்துக்குப் பாட்டி புளி போட்டதும் ஏறக்குறைய இதே ரசாயனம். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். ஆசிட் அதிகமாகப் போனால் குழியில் கழிவை மட்கவைக்கும் நுண்ணுயிர்களும் சாகும். மட்காத குழி சீக்கிரம் நிறையும்.

நிறைந்த குழிக்கு ஆள் வர வேண்டும். கையால் மலம் அள்ளுவதை 1993இலும் 2013இலும் சட்டம் போட்டுத் தடைசெய்தோம். பாதாளச் சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. சாவுக்கு விலை ஏற்ற வேண்டியிருக்கிறது என்றால் சாவு நிற்கவில்லை என்று பொருள். திவ்யபாரதியின் ஆவணப்படத்துக்கு 2017இல் 'கக்கூஸ்' என்றே பெயர் வைத்தது தற்செயல் அல்ல. போர்வையை அவர் விலக்கினார்.

பொத்தானை அழுத்தியதும் கழிவு மறைந்துவிட்டது என்று நினைக்கிறோம். அது எங்கும் போய்விடவில்லை; நம் கண்ணைவிட்டுத்தான் போயிருக்கிறது. ஏரியை மறந்ததும் குழியை மறந்ததும் ஒரே மறதி. உங்க வீட்டுக் குழி எங்கே இருக்கு, கடைசியா எப்போ எடுத்தாங்க, மெஷின் வந்துச்சா ஆள் இறங்கினாரா? இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் வீட்டுல கேட்டுப் பாருங்க.