சென்னையைச் சுத்திப் போற வழி

எங்க மதுராந்தகம் பக்கத்துலேருந்து செங்குன்றம் அரிசி மில்லுக்கு மோட்டார் சைக்கிள்ல போறவங்களுக்கு முன்னெல்லாம் தாம்பரம், கிண்டி, கோயம்பேடுதான் வழி. கிண்டி தாண்டி வர்ற நூறடி ரோடு, ஊரைச் சுத்திப் போகப் போட்டதுதான். 1996-ல் கொத்தவால்சாவடி காய்கறி மார்க்கெட் அந்த ரோட்டோரம் கோயம்பேட்டுக்கு வந்தது. 2002-ல் வெளியூர் பஸ் நிலையமும் வந்தது. சுத்துற ரோடு ஊருக்கு நடுவுல ஆயிடுச்சு.

அதனால பெருங்களத்தூர்லேருந்து மதுரவாயல் வழியா புழலுக்கு 32 கிலோமீட்டர் பைபாஸ் போட்டாங்க. அதையும் ஊர் தாண்டிடுச்சு. அதுக்கும் வெளியே, வண்டலூர் - மீஞ்சூர் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை.

இன்னைக்கு செங்குன்றம் போக பைபாஸ் போதும். மீஞ்சூர், பொன்னேரின்னா வெளிவட்டம். லாரி அதிகம், எதிர்க்காத்து அடிக்கும். இரு சக்கர வண்டிக்காரங்க சர்வீஸ் ரோட்டுல போறது நல்லது.

நெல்லு விளைஞ்ச நிலத்து மேலதான் இந்த ரோடெல்லாம் போகுது. இப்போ எண்ணூர்லேருந்து சிங்கப்பெருமாள் கோயில் வழியா மாமல்லபுரம் பக்கம் பூஞ்சேரிக்கு இன்னொரு சுத்து ரோடு வேலை நடக்குது. எங்க வயலுக்கு இன்னும் கிட்டத்துல. "ஊருக்கு வெளியே"ன்னு யாராவது சொன்னா, எந்த வருஷத்துக் கணக்குன்னு கேட்டுக்குங்க.