கோஹோர்ட்

வணிகப் பள்ளிகளில் ஒன்றாகச் சேர்ந்து ஒன்றாகவே படிக்கும் மாணவர் குழுவை 'கோஹோர்ட்' என்கிறார்கள். இதன் மூலமான லத்தீன் சொல் 'கோஹோர்ஸ்', முதலில் வேலியடைத்த பண்ணை முற்றத்தைக் குறித்தது. பிறகு ரோமானிய லீஜியன் படையின் பத்திலொரு பிரிவுக்குப் பெயரானது. நீதிமன்றத்தைச் சொல்லும் 'கோர்ட்'டும் இதே வேரில் கிளைத்ததுதான். அடைப்புதான் ஆதிப்பொருள், தோழமை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

பழைய பொருளை இன்றைய வகுப்பறையில் தேடுவது முறையா என்று கேட்கலாம். சொல்லின் பிறப்பு அதன் இன்றைய வேலையைத் தீர்மானிப்பதில்லை என்பது சரிதான். ஆனால் ஹார்வர்டு வணிகப் பள்ளியைப் பாருங்கள். அங்கே பெயர் 'செக்‌ஷன்'. சுமார் 90 பேர், முதலாண்டுப் பாடங்கள் எல்லாம் சேர்ந்தே, ஒதுக்கப்பட்ட இருக்கை, தாங்களே தேர்ந்தெடுத்த தலைவர். முற்றம் அப்படியேதான் இருக்கிறது. பல நாட்டவரைக் கலந்து உட்காரவைக்க நிர்வாகத்தால் முடியும். ஆனால் 'இது என் இடம்' என்ற உரிமையுணர்வை நிர்வாகத்தால் ஒதுக்கித்தர முடியாது. அந்த முற்றத்துக்குள் நுழைவதே எல்லோருக்கும் எளிதாக இருக்கவில்லை. இரண்டாண்டு எம்.பி.ஏ.வின் முதலாண்டிலேயே பெண்களை அந்தப் பள்ளி சேர்த்தது 1963-இல்தான். அப்போதும் 8 பேர். 1968-இல் கறுப்பின மாணவர்கள் ஐவர் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். தனிச் சங்கம் வகுப்பைப் பிளக்காதா? அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் அந்த ஐவரும், கறுப்பின மாணவர்களை இன்னும் அதிகமாகச் சேர்க்கும்படி பள்ளியை வற்புறுத்தினார்கள். ஆள் திரட்டவும் முனைந்தார்கள். மாணவர் தலைமை என்று நான் மதிப்பது இதைத்தான். அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது.